பழுப்பு நிற மாப்பிள்ளை

வெயில் மண்டையைப் பிளக்கும் மதியத்திலும் கம்பளி ஸ்வெட்டரோடு படியிறங்கி வரும் ஒரே ஆள் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவள்தான். வாசல் காவலாளியிலிருந்து மூன்றாம் மாடிப் பேராசிரியை வரை எல்லோருக்கும் அவள் ஸ்வெட்டர் அக்கா. புதிதாக வந்தவர்கள் ஏதோ உடம்பு சரியில்லாதவள் என்று நினைத்து முதல் வாரம் பரிவோடு பார்ப்பார்கள். மூன்றாம் மாடியின் கோடியில் இருக்கும் குளிர் அறைக்குள் ஒருமுறை போய்விட்டு வந்தால் பரிவு பொறாமையாக மாறிவிடும். அந்த அறை எப்போதும் நான்கு டிகிரியில் இருக்கும். அவளுடைய வேலை நாளில் பாதி அதற்குள்தான்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் எட்டு வருடம் ஒரு பால் பதனிடும் தொழிற்சாலையில் பரிசோதனை மேசையில் இருந்தாள். வரும் பாலில் தண்ணீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கெட்டுப்போக இன்னும் எத்தனை மணி நேரம் என்று பார்ப்பது வேலை. கருவி சொல்வதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும் என்று அங்கே பெயரெடுத்திருந்தாள். பிறகு தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய லிஃப்டுகள் எல்லாம் இந்த ஊரில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஆகவே அவள் போகவில்லை. செடிகளை ஆராயும் நிலையத்தில் ஆய்வக உதவியாளர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையாக இருக்கும் என்று நினைத்து விண்ணப்பம் போட்டாள்.

நேர்முகத்தில் பேராசிரியை அதிகம் கேட்கவில்லை. பைப்பெட் என்ற உறிஞ்சு கருவியைக் கையில் கொடுத்து, ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் பத்துச் சொட்டு வைக்கச் சொன்னார். அவள் அந்தக் கருவியை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறாள். ஆனால் வைத்த பத்தும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன.

"இதுக்கு முன்னாடி என்ன பிடிச்ச கை இது?" என்று கேட்டார் பேராசிரியை.

"பால் பிடிச்ச கைங்க, மேடம்."

மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

வந்து பார்த்தால் மூன்றாம் மாடியில் மொத்தமே ஒரு செடிதான் இருந்தது. அதுவும் ஜன்னலோரம், யாரும் தண்ணீர் ஊற்றாமல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. மற்றபடி குடுவைகளும் குலுக்கும் இயந்திரங்களும்தான். அந்த ஆய்வகத்தின் மொத்தப் பாடும் ஒரு புரதத்தைச் சுற்றித்தான் என்று முதல் வாரத்திலேயே பேராசிரியை அவளை உட்காரவைத்து விளக்கினார்.

சாண் உயரக் களைச்செடி ஒன்று. கடுகுக்குத் தூரத்துச் சொந்தம். அதன் ஒவ்வொரு விதைக்கும் அம்மா வழியில் ஒரு தொகுதி மரபணுக்கள், அப்பா வழியில் ஒரு தொகுதி. சில மரபணுக்களின் மேல் மெத்தில் என்ற சின்னஞ்சிறு குறிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். குறி ஒட்டிய மரபணு வாய் திறக்காது. பூ விதை பிடிப்பதற்கு முன்பே, சூலுக்குள் இந்தப் புரதம் வேலையில் இறங்கி, அம்மா வழி மரபணுவில் இருக்கும் குறிகளைக் கொத்தி எடுத்துவிடும். ஆகவே விதைக்குள் கருவுக்குச் சோறூட்டும் பகுதியில் அம்மா வழிப் பிரதி மட்டும் பேசும். அப்பா வழிப் பிரதி குறியோடு வாய்மூடிக் கிடக்கும். அம்மாச் செடியிடம் இந்தப் புரதம் பழுதாகிவிட்டால் விதை சூம்பிப்போகும். அப்பாவிடம் எவ்வளவு நல்ல பிரதி இருந்தாலும் காப்பாற்ற முடியாது.

அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டு மேசையில் இதை அப்படியே ஒப்பித்தாள். நாத்தனாரும் வந்திருந்தாள். மருத்துவமனையில் செவிலி, இரண்டு தெரு தள்ளி வீடு. குழந்தையின் மூக்கு, கோபம், தூங்கும்போது காலைத் தூக்கிப் போடுவது எல்லாமே தங்கள் குடும்பத்துச் சொத்து என்று நிறுவுவதை அவள் ஒரு கடமையாகவே வைத்திருந்தாள்.

"அப்போ எங்க அண்ணன் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு செடியே சொல்லிடுச்சா?" என்றாள்.

"செடிக்குத்தாங்க. மனுசங்க கதை வேற" என்று சமாதானம் சொன்னாள் இவள்.

"இந்த வீட்டுல ஏற்கெனவே அப்படித்தானே நடக்குது" என்று அண்ணன் முணுமுணுத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

செடியிலிருந்தே அந்தப் புரதத்தைச் சேகரிப்பது ஆகாத காரியம். ஒரு பூவில் இருப்பது அணுவளவு. அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். எனவே அதற்கான மரபணுவை எடுத்து ஒரு பாக்டீரியாவுக்குள் நுழைத்து, குடுவையில் வளர்த்து, பாக்டீரியாவையே அந்தப் புரதத்தைச் செய்யவைப்பார்கள். பிறகு பாக்டீரியாவை உடைத்து, இருக்கிற ஆயிரம் புரதங்களில் இந்த ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். சொல்ல எளிது. ஆனால் இது ராட்சசப் புரதம். பாக்டீரியா செய்துபார்த்துவிட்டு, மூச்சுமுட்டி, திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாகக் குவித்துவிடும். கட்டியானது எதற்கும் உதவாது.

அவள் சேர்ந்து ஆறு வருடத்தில், அதோடு மல்லுக்கட்டிய இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் வேறு தலைப்புக்குத் தப்பி ஓடியிருந்தார்கள். மூன்றாவதாக வந்தவன் நெட்டை. கதவைக் கடக்கும்போதெல்லாம் குனிந்து பழகிய, இருபத்தொன்பது வயது ஆள். கல்யாணமாகி மனைவி வேறு ஊரில் வேலையில் இருந்தாள். அவன் ஒரு காரியம் செய்தான். புரதம் முழுவதையும் செய்யாமல், தேவையில்லை என்று தோன்றிய பகுதிகளை வெட்டிவிட்டு, சுருக்கிய வடிவம் ஒன்றை அமைத்தான். பாக்டீரியா இதைக் கொஞ்சம் தாங்கியது. ஆனாலும் முக்கால்வாசி கட்டிதான்.

இதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அவன்தான். சூடு ஆகாது, குலுக்கல் ஆகாது, காத்திருக்கவும் ஆகாது. கொஞ்சம் மரியாதை குறைந்தாலும் முறுக்கிக்கொள்ளும். நல்ல வேளையாக நாத்தனார் காதில் இந்தப் பெயர் விழவில்லை. அம்மா வழிக்கு உழைக்கிற புரதத்துக்கு மாப்பிள்ளை என்று பெயரா என்று ஒரு பஞ்சாயத்தே வைத்திருப்பாள்.

நெட்டை சலித்துப்போய் வேலையை ஸ்வெட்டர் அக்காவிடம் தள்ளினான். கையில் வந்ததும் அவள் செய்த முதல் காரியம், வேகத்தைக் குறைத்ததுதான். பால் விஷயத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே வேதம் அது: அவசரப்படுத்தினால் திரியும். முப்பத்தேழு டிகிரியில் நான்கு மணி நேரத்தில் வளர்த்ததை, பதினாறு டிகிரியில் ஒரு நாள் முழுக்க வளர்த்தாள். பாக்டீரியாவை வேலை வாங்கும் மருந்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாள். குளிர் அறைக்குள்ளேயே நாற்காலி போட்டு, பிரிக்கும் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்படி இறங்கும்போது கருவித் திரையில் கோடு இரண்டு முறை மேடேறும். முதலில் உயரமான ஒரு மேடு. அந்தக் குப்பிகளில் இருப்பது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். பின்னால் ஒரு குட்டை மேடு. அது பால் குறைந்த டீயின் நிறத்தில் லேசான பழுப்பு. தெளிந்ததை எடுத்து வைத்துக்கொண்டாள். பழுப்பைக் கழிவுப் புட்டியில் கொட்டினாள். பால் தொழிற்சாலையில் எட்டு வருடம் இருந்தவளிடம் பழுப்பு நிறத்தைக் கொடுத்தால் வேறென்ன செய்வாள்? பேராசிரியையும் அந்தத் தெளிந்த குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எனக்குக் கண்ணாடி மாதிரி இப்படித்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். அன்று மூன்றாம் மாடி முழுக்க டீயும் கேக்கும்.

நெட்டை அதை வைத்துச் சோதனைகள் ஆரம்பித்தான். மெத்தில் குறி உள்ள சின்ன டி.என்.ஏ. துண்டோடு புரதத்தைச் சேர்த்து வைப்பான். புரதம் குறியைக் கொத்தி எடுத்தால் அந்த இடத்தில் துண்டு உடையும். துண்டுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் என்ற கூழ்த் தகட்டில் ஓடவிட்டுப் பார்த்தால், முழுத் துண்டின் கோட்டுக்குக் கீழே குட்டைத் துண்டின் கோடு தெரியும். அவனுக்கு ஒருநாளும் இரண்டாவது கோடு தெரியவில்லை. ஏழு மாதம் விதவிதமாகச் செய்துபார்த்தான். கடைசியில் அவனும் பேராசிரியையும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: சுருக்கிய வடிவத்துக்கு வேலை செய்யும் திறன் இல்லை, ஆகவே வெட்டி எறிந்த பகுதிதான் இந்தப் புரதத்துக்கு உயிர்நாடி. அதுவும் புதிய செய்திதான். கட்டுரை எழுதியாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை அனுப்புவதாக நாள் குறித்தார்கள். கட்டுரை போனதும் நெட்டையின் பட்டத்துக்கு வழி பிறக்கும். இரண்டு மாதத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டான்.

அந்தத் திங்களுக்கு முந்தைய புதன்கிழமை மகளின் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல். அவள் அப்போதுதான் ஒரு முறை பிரித்து முடித்திருந்தாள். குப்பிகளைத் தாங்கியோடு குளிர் அறை அலமாரியில் வைத்துவிட்டு, பழுப்பைக் கொட்டக்கூட நேரமில்லாமல் ஓடினாள். வியாழன் முழுக்க மகளின் நெற்றியில் ஈரத்துணி. மகளுக்குப் பதினோரு வயது. காய்ச்சல் வந்தால் வாய் நீளும். ஆய்வகத்துக் கிருமிகளில் ஒன்றுதான் அம்மாவின் ஸ்வெட்டரில் தொற்றிக்கொண்டு வந்திருக்கும் என்று குற்றப்பத்திரிகை வாசித்தாள்.

வெள்ளி காலை போய்ப் பார்த்தபோது தாங்கியில் எல்லாக் குப்பியும் தெளிவாக இருந்தன. பழுப்பைக் காணவில்லை.

யாரோ மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். எண்களைப் பார்த்தாள், அவள் கையெழுத்துதான். மூடியைத் திறந்து பார்த்தாள். அடியில் எதுவும் படியவில்லை. பழுப்பு நிறம் வெளுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அப்படியே நின்றாள். அழுக்கு அடியில் தங்கும், மிதக்கும், நாறும். அழுக்கு வெளுக்காது. எட்டு வருடத்தில் அவள் பார்த்த எந்த அழுக்கும் இரண்டு நாளில் தானாக மறைந்ததில்லை. இது அழுக்கில்லை என்றால் வேறு என்ன?

உறைபெட்டியில் கொஞ்சம் பாக்டீரியா மிச்சம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அதை உடைத்து மறுபடி பிரித்தாள். இந்த முறை தெளிவு, பழுப்பு இரண்டையும் ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டாள். மதியம் மூன்று மணிக்கு நீலக் கோடுகள் தெரிந்தன. இரண்டும் ஒரே உயரத்தில், நூல் பிடித்த மாதிரி. முதல் மேடும் மாப்பிள்ளை. இரண்டாவது மேடும் மாப்பிள்ளை.

பேராசிரியை அறைக்கு வெளியே சுவரில் புரதத்தின் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. ஒன்பது வருடமாக நாள்காட்டிப் படத்தைக் கடப்பது போல அதைக் கடந்து போயிருக்கிறாள். அன்றுதான் முதல்முறையாக எழுத்துக்கூட்டி வாசித்தாள். படத்தின் நடுவில் சின்னதாக ஒரு பெட்டி. அதில் நான்கு இரும்பு அணு, நான்கு கந்தக அணு. கீழே, இது இல்லாமல் புரதம் வேலை செய்யாது என்று ஒரு வரி.

இரும்பு என்றால் நிறம் இருக்கும். காற்றுப் பட்டுப் பட்டு அந்த இரும்புக் கூடு உடைந்தால் நிறம் போய்விடும். இரும்பு இல்லாத வெறும் புரதத்தைத்தான் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று ஏழு மாதமாக நெட்டையிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். உயிருள்ள மாப்பிள்ளையைக் கழிவுப் புட்டியில் ஊற்றிக் கழுவிவிட்டிருக்கிறாள்.

பேராசிரியை ஏதோ கூட்டத்துக்கு வெளியூர் போயிருந்தார். நெட்டை நல்ல சேதி சொல்ல மனைவியிடம் போயிருந்தான். அவனுடைய எண்ணை இரண்டு முறை எடுத்துவிட்டு இரண்டு முறையும் வைத்துவிட்டாள். இதைத் தொலைபேசியில் எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை காலை கணவன் கூடத்தில் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டுக் காலை இறுக்கிக்கொண்டிருந்தான். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திருகாணியை முறுக்கியபடியே கேட்டான். முடித்ததும், யாராவது கண்டுபிடிப்பார்களா என்றுதான் முதலில் விசாரித்தான். வெளியில் வேறு யாராவது இதே வேலையைச் செய்துபார்த்தால் சில வருடங்களில் தெரியவரலாம். தெரியாமலேயும் போகலாம் என்றாள்.

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்.

"தப்பான போல்ட்டை மாட்டிட்டு வந்துட்டேன்னு வீட்டுக்கு வந்தப்புறம் ஞாபகம் வரும். எத்தனையோ தடவை வந்திருக்கு. அப்போ நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்குவேன். லிஃப்ட்ல இன்னும் ஆள் ஏறலைல்ல?"

"இன்னும் ஏறல" என்றாள். "திங்கக்கிழமைதான் அனுப்புறாங்க."

"அப்ப திங்கக்கிழமை காலைல சீக்கிரம் கிளம்பு. பாப்பாவை நான் பார்த்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்த அத்தனை பாத்திரமும் தேய்த்துத் தேய்த்துப் பளபளத்தன. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, யார் வருகிறார்கள் என்று கேட்டாள்.

திங்கள் காலை எட்டரைக்கெல்லாம் பேராசிரியையின் அறைக்கு வெளியே நின்றாள். நெட்டையும் வந்தான், புதுச் சட்டையில். உள்ளே கணினியில் கட்டுரை திறந்திருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும். அவள் ஜெல்லின் படத்தை மேசையில் வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நடந்ததை வரிசையாகச் சொன்னாள். மன்னிப்பைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதற்கு இடம் கிடைக்கவில்லை.

பேராசிரியை படத்தை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எத்தனை மாசமா பழுப்பைக் கொட்டிட்டு இருந்தீங்க?"

"முதல் நாள்லேருந்தே, மேடம்."

நெட்டை எழுந்து வெளியே போனான். கதவில் குனிய மறந்து நெற்றியில் இடித்துக்கொண்டான். படிக்கட்டில் போய் உட்கார்ந்தான் என்று பிறகு காவலாளி சொன்னார்.

பேராசிரியை கணினியில் கட்டுரையை மூடினார்.

"கண்ணாடி மாதிரி வேணும்னு சொன்னது நான்தானே" என்றார் மெதுவாக. "நிறம் இருக்கும்னு எனக்குத் தெரியும். வெளியில அந்தப் படத்தை மாட்டினதும் நான்தான். ஒரு தடவையாவது குளிர் அறைக்குள்ள வந்து நின்னு பார்த்திருக்கணும். சரி. பழுப்பைக் கொண்டாங்க, பார்ப்போம்."

வெள்ளிக்கிழமை பிரித்ததும் இதற்குள் வெளுத்துவிட்டது; கொண்டுவர எதுவும் மிச்சமில்லை. மூன்று நாள் ஆயிற்று, புதிதாக வளர்த்து, உடைத்து, பிரிக்க. இந்த முறை பழுப்பு இறங்கத் தொடங்கியதும் குப்பியை அடுத்த நொடியே மூடி, ஐஸில் புதைத்து, நடையோட்டமாகக் கொண்டுபோய் நெட்டையின் மேசையில் வைத்தாள். அவன் நிமிராமல் வாங்கிக்கொண்டான். மறுநாள் காலை ஜெல்லை விளக்கின் மேல் வைத்தபோது மூன்று பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். முழுத் துண்டின் கோடு, அதன் கீழே மங்கலாக, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல், இன்னொரு கோடு.

மாப்பிள்ளை கொத்தியிருந்தார்.

அதன் பொருள், கட்டுரை தலைகீழாகிவிட்டது என்பதுதான். வெட்டி எறிந்த பகுதி உயிர்நாடி இல்லை; சுருக்கிய வடிவமே குறிகளை எடுக்கும். ஏழு மாதச் சோதனை அத்தனையையும் பழுப்பை வைத்து மறுபடி செய்ய வேண்டும். நெட்டை அன்று மனைவியை அழைத்து, இரண்டு மாதம் இல்லை, பத்து மாதம் என்று சொன்னான். மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, அவன் அதற்கப்புறம் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

ஒன்பது நாள் அவன் அவளிடம் பேசவில்லை. "அக்கா, ட்யூப்", "அக்கா, ஐஸ்" என்பதோடு சரி. அவளும் வலியப் போய்ப் பேசவில்லை. கோபப்பட அவனுக்கு உரிமை இருக்கிறது, அதைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று கணவனிடம் சொன்னாளாம்.

பத்தாம் நாள் வேறு வழியில்லாமல் போயிற்று. பழுப்பு காற்றில் வெளுக்கும் வேகத்துக்கு ஒரு ஜோடிக் கை போதவில்லை. ஒருவர் குப்பியைப் பிடிக்க, இன்னொருவர் அதற்குள் நைட்ரஜன் வாயுவை ஊதிக் காற்றை விரட்டி, உடனே மூட வேண்டும். நெட்டை சட்டையோடு குளிர் அறைக்குள் வந்து நின்றான். இருபது நிமிடத்தில் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. இரண்டு குப்பி கை நடுங்கிக் கவிழ்ந்தது.

மறுநாள் அவள் ஒரு பையோடு வந்தாள். உள்ளே கணவனின் குளிர்கால ஜாக்கெட். முதுகில் லிஃப்ட் கம்பெனியின் பெயரும், அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண்ணும். நெட்டைக்குக் கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிட்டது. போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்தான்.

"யாராவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா என்னைத்தான் கூப்பிடுவாங்க போல" என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பிறகு குப்பியைப் பிடித்துக்கொண்டே, தன் மனைவி அந்த அழைப்பில் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா என்றான். "அந்த அக்கா சொல்லாம இருந்திருந்தா, நீ தப்பான விஷயத்தை எழுதிட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்திருப்பியா?" கோபம் அன்றைக்கே பாதி போய்விட்டதாம். மீதி பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் ஒன்பது நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

அதன்பின் வேலை ஓட்டமாக ஓடியது. வளரும் பாக்டீரியாவுக்கு இரும்பு உப்பைக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தாள். கூடு கட்ட இரும்பே இல்லாமல் பாக்டீரியா மட்டும் என்ன செய்யும்? அளவு கூடினால் பாக்டீரியா செத்தது; குறைந்தால் பழுப்பு வரவில்லை. ஐந்தாறு வாரம் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தாள். கருவித் திரையில் உயரமான மேடு மெல்லத் தாழ்ந்தது. குட்டை மேடு வாரா வாரம் வளர்ந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாவது மேடு முதலாவதைத் தாண்டியபோது, குளிர் அறையிலிருந்து வெளியே வந்து, ஸ்வெட்டரைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு முழுக் கோப்பை டீயை யாரோடும் பேசாமல் குடித்தாள். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்பாள்.

புதிய கட்டுரை போனது. ஆசிரியர் பட்டியலில் நெட்டை முதலில், பேராசிரியை கடைசியில், நடுவில் அவள். பட்டம் இல்லாதவரின் பெயரைப் போடலாமா என்று நிலையத்து அலுவலகத்தில் ஒருவர் இழுத்தார். நெட்டை நேரே போய், குனியாமல் நிமிர்ந்து நின்று, இந்த முடிவைக் கண்டுபிடித்தவரின் பெயரை எடுத்தால் கண்டுபிடிக்காதவனுடைய பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றானாம். அவனுடைய உயரத்துக்கு அந்த அறையில் அது நன்றாகவே எடுபட்டது.

ஆனால் கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். இதே புரதத்தை வேறொரு ஆய்வகமும் சோதித்துச் சொல்ல வேண்டும். ஆறு மணி நேர ரயில் பயணத்தில் ஓர் ஆய்வகம் ஒத்துக்கொண்டது. அஞ்சலில் அனுப்பினால் வழியில் எங்காவது வெயிலில் கிடந்து வெளுத்துவிடும். ஆகவே ஸ்வெட்டர் அக்கா தானே கொண்டுபோவதென்று முடிவானது. தனியாக அவள் ஊர் தாண்டிப் போனது அதுதான் முதல் தடவை.

காலை ரயில். மடியில் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸில் பன்னிரண்டு குப்பி. எதிர் இருக்கையில் ஓர் அம்மாள், பக்கத்தில் அவருடைய கணவர். பெட்டியை வைத்த கண் வாங்காமல் இருவரும் பார்த்தார்கள். உள்ளே இருப்பது மீனா என்று கேட்டார் அம்மாள். இல்லை என்றாள். கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சிறுநீரகமா என்று கேட்டார். அதுவும் இல்லை, செடியில் இருக்கிற ஒரு பொருள் என்றாள். பிறகு அம்மாள் விடவில்லை. நேரம் நிறைய இருந்தது. அவள் பூவிலிருந்து தொடங்கி, குறி, அம்மா வழி, அப்பா வழி எல்லாவற்றையும் சொன்னாள். தன்னால் இதை இவ்வளவு கோவையாகச் சொல்ல முடியும் என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா?"

"நான் எப்பங்க பேசியிருக்கேன்?" என்றார் அவர்.

நடுவழியில் ஐஸ் கரைய ஆரம்பித்தது. அந்தக் கணவர் இரண்டு நிலையங்களில் இறங்கி ஓடி, குளிர்பானக் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து கொடுத்தார். இரண்டாவது தடவை ரயில் நகர்ந்துவிட்டது. மனைவி சங்கிலியில் கை வைப்பதற்குள் கடைசிப் பெட்டியில் தொற்றி ஏறி, நடந்து வந்து, மூச்சிரைக்கப் பையை நீட்டினார்.

அந்த ஊர் ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்தபோது பன்னிரண்டில் பதினொன்று நல்ல பழுப்பு. ஒன்று மட்டும் மூடி சரியாக இறுகாமல் வெளுத்திருந்தது. அதைத் தூர எறிய அங்கிருந்த பெண் கை நீட்டியபோது, வேண்டாம், அதையும் சேர்த்துச் சோதியுங்கள், நிறம் போனது வேலை செய்யாது என்பதற்கு அதுவே சாட்சி என்று இவள் தடுத்தாள். மறுநாள் மதியத்துக்குள் ஜெல் வந்துவிட்டது. பதினொன்றில் இரண்டு கோடு. ஒன்றில் ஒரு கோடு.

வீட்டுக்கு அழைத்துச் சொன்னாள். மகள்தான் எடுத்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, அப்பா சமையலில் இரண்டு நாளாக முட்டை, முட்டை, முட்டைதான், எப்போது வருகிறாய் என்றாள்.

நெட்டை பட்டம் வாங்கிக்கொண்டு மனைவி இருக்கும் ஊருக்கே வேலைக்குப் போய்விட்டான். ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது லிஃப்ட் மெக்கானிக் வாங்க மறுத்துவிட்டான். பேராசிரியை இப்போது மாதம் ஒருமுறையாவது குளிர் அறைக்குள் வந்து, பத்து நிமிடம் நின்று, மூக்கு சிவந்து வெளியே போகிறார். ஸ்வெட்டர் அக்காவிடம் வேறொரு புரதம் வந்திருக்கிறது. இதே குடும்பத்தில் இன்னொரு உறுப்பினர், குணத்தில் மாப்பிள்ளையையே தூக்கிச் சாப்பிடுமாம். நான்கு மாதமாகக் கட்டிதான் வருகிறது. கேட்டால், "வரும், வரும். அவசரம் என்ன?" என்கிறாள்.